இலைக் கணக்கும் கால்மன் ஃபில்டரும்

போன தை மாசம் எங்க பெரியப்பா மண்டபத்துல ஒரு கல்யாணம். கும்பகோணம் பக்கம் தான். ராத்திரி ரிசப்ஷன் சாப்பாடு முடிஞ்சு பதினோரு மணிக்கு கணக்கு பாக்க உக்காந்தாங்க, சமையல் கான்ட்ராக்டர் 812 இலைங்கிறார், பொண்ணோட அப்பா 700க்கு மேல ஒரு இலை இருக்க சான்ஸே இல்லைங்கிறார். இலைக்கு இவ்வளவுன்னு பேசித்தானே சமையல் விடுறது, 112 இலைன்னா சின்ன காசு இல்ல. எத்தனை கட்டு பிரிச்சோம், எத்தனை மிச்சம், அதுல கிழிஞ்சது எத்தனை, பரிமாறின பசங்க சாப்பிட்டதும் வேன் டிரைவர் சாப்பிட்டதும் யார் கணக்குன்னு பேசிப் பேசி ஒண்ணே முக்காலுக்குத் தான் எழுந்திருக்காங்க. நடுவுல பெரியப்பாவ நிக்க வெச்சு "நீங்களே சொல்லுங்க"ன்னு ரெண்டு பக்கமும் கேட்டிருக்காங்க, அவர் என்னத்த சொல்லுவார் பாவம்.

மறுநாள் காலைல எனக்கு போன். "டேய், நீ கம்ப்யூட்டர்ல தானே இருக்க, சாப்பாட்டு ஹாலுக்குள்ள எத்தனை பேர் போறாங்கன்னு எண்ணுறதுக்கு ஒரு பொட்டி செஞ்சு குடுடா." நானும் ரெண்டு வீக்கெண்ட் வேலைன்னு நெனச்சு சரின்னுட்டேன். இப்போ ஆனி மாசம். இந்த அஞ்சு மாசத்துல கத்துக்கிட்டதத்தான் இங்க கொட்டப் போறேன், ஏன்னா ஆபீஸ்ல சொன்னா யாரும் கேக்க மாட்டேங்குறாங்க, வீட்ல சொன்னா "மொதல்ல சாப்பிட்டு தட்டக் கழுவி வை"ங்குறாங்க.

முதல் முயற்சி வாசல்ல ஒரு இன்ஃப்ராரெட் பீம், யாராவது குறுக்க போனா எண்ணிக்கைல ஒண்ணு ஏறும். அது ஒரு முகூர்த்தம் கூட தாங்கல. பந்தி ஆரம்பிக்கிறப்போ நம்ம ஆளுங்க என்ன வரிசையா ஒவ்வொருத்தரா போறவங்களா, மூணு பேர் தோளோட தோள் உரசிக்கிட்டு நுழையுறாங்க, பீமுக்கு அது ஒரே ஆள். ஒரு மாமா வாசல்லயே நின்னு கைய ஆட்டி ஆட்டி சொந்தக்காரங்களக் கூப்பிடுறார், பீமுக்கு அவர் பதினேழு ஆள். கேமரா வெச்சிடலாம்னு பாத்தா பெரியப்பா ஒரேயடியா முடியாதுன்னுட்டார், சாப்பிடுறவங்களப் படம் புடிக்கிறியான்னு சண்டைக்கு வருவாங்கடான்னு. நியாயம் தான்.

ஸோ லைடார். ஒரு குட்டி லேசர் பொட்டி, தலை மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். நான் வாங்கினது வினாடிக்கு அஞ்சரை சுத்து, சுத்துக்கு சுமார் 360 புள்ளி. அத வாசல் ஓரமா முழங்கால் உயரத்துல வெச்சேன். மூஞ்சி தெரியாது, துணிக் கலர் தெரியாது, அந்த உயரத்துல எந்தப் பக்கம் எவ்வளவு தூரத்துல என்ன தடுக்குதுன்னு ஒரு புள்ளிக் கோலம் மட்டும் வரும். மூணு மீட்டர் தள்ளி ஒரு டிகிரிங்கிறது அஞ்சு சென்டிமீட்டர் சொச்சம், ஸோ ஒரு கால் மேல ரெண்டு மூணு புள்ளி விழுந்தாலே பெரிய விஷயம்.

இதுல முதல் கூத்து என்னன்னா பேன்ட் போட்டவர் ரெண்டு கொத்தா தெரிவார். வேட்டி கட்டினவர் ஒரே கொத்து. புடவையும் ஒரே கொத்து, கொஞ்சம் அகலமா. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டார்னா திரும்ப ரெண்டு கொத்து. பட்டுப்பாவாடை போட்ட குழந்தைங்க உருண்டையா ஒரு கொத்து, அதுவும் ஒரு இடத்துல நிக்காது. நான் நெட்ல இருந்து சுட்டு வெச்சிருந்த புரோகிராம் கோடு முழுக்க பேன்ட் கால மனசுல வெச்சு எழுதினது, ரெண்டு கொத்து சேந்தா ஒரு ஆள்னு அதுல இருக்கு, அத அப்படியே ஓட்டினா ரெண்டு வேட்டி மாமாவ சேத்து ஒரு ஆளா ஆக்கிடும். இது போதாதுன்னு எவர்சில்வர் வாளி. கல்யாண வாளி பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கா, லேசர் அதுல பட்டு எங்கயோ போயிடும், ஒண்ணு புள்ளியே வராது, இல்லேன்னா யாருமே இல்லாத இடத்துல நாலு புள்ளி நிக்கும்.

இதெல்லாம் கூட பரவால்ல, புள்ளிக்கூட்டத்த ஆளாக்குற வேலை எப்படியோ முக்கால்வாசி சரியாச்சு. எனக்கு உண்மையிலேயே தூக்கம் போனது அதுக்கு அடுத்த ஸ்டெப்ல. லைடார் ஒவ்வொரு சுத்துலயும் "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு"ன்னு சொல்லுது. அடுத்த சுத்துலயும் மூணு சொல்லுது. ஆனா போன சுத்துல பாத்த முதல் ஆள் இந்த சுத்துல எவர்னு அது சொல்லாது, அதுக்குத் தெரியவும் தெரியாது. மனுஷன் சாதாரணமா வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான்னு வெச்சுக்கிட்டா ரெண்டு சுத்துக்கு நடுவுல 22 சென்டிமீட்டர் நகந்திருப்பான். பந்தி வாசல்ல ரெண்டு பேருக்கு நடுவுல 22 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் நிப்பாங்களா என்ன? அதனால "பக்கத்துல இருக்கிற புள்ளி தான் அதே ஆள்"னு எடுத்தா நேரா பின்னாடி வர்றவர் முன்னாடி போனவரா மாறிடுவார். வர்றவங்களும் போறவங்களும் குறுக்க வெட்டிக்கிட்டா உள்ள போன அத்தை வெளிய வந்தவரா கணக்காகி, எண்ணிக்கை எங்கயோ போயிடும்.

இது ஏதோ புதுசா வந்த ஏஐ பிரச்சனைன்னு நெனச்சிட்டேன். தேடிப் பாத்தா ரெண்டாம் உலகப் போர்லயே இது இருந்திருக்கு, அதுவும் கம்ப்யூட்டரே இல்லாம மனுஷங்க உக்காந்து தீத்திருக்காங்க. பிரிட்டன் கடற்கரை ஓரமா செயின் ஹோம்னு ரேடார் ஸ்டேஷன்ங்க. அந்த ரேடாருக்கு விமானம் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு நல்லா தெரியும், எந்தத் திசைன்னு கேட்டா சொதப்பும். எல்லா ஸ்டேஷனும் பாத்தத போன்ல சொல்ல, லண்டனுக்கு வடமேற்குல பென்ட்லி ப்ரயரிங்கிற மாளிகைல ஃபில்டர் ரூம்னு ஒரு ரூம், நடுவுல பெரிய மேப் டேபிள், சுத்தி பெண்கள் விமானப் படைக்காரங்க நின்னு குறி வெப்பாங்க. ரெண்டு ஸ்டேஷன் சொன்ன தூரத்த வட்டமா நெனச்சு அது எங்க வெட்டுதோ அங்க தான் விமானம்னு முடிவு பண்ணுவாங்க. இந்த ஸ்டேஷன் சொல்ற கூட்டமும் அந்த ஸ்டேஷன் சொல்ற கூட்டமும் ஒண்ணா வேறயான்னு ஒருத்தர் முடிவெடுக்கணும், முடிவெடுத்து அதுக்கு ஒரு நம்பர் குடுக்கணும். அந்த ஆளுக்குப் பேரே ஃபில்டரர். இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் அவங்க மாட்டியிருந்த கடிகாரம். அஞ்சு அஞ்சு நிமிஷத்துக்கு சிவப்பு மஞ்சள் நீலம்னு மாறி மாறிக் கலர் அடிச்சது, அந்த நேரத்துல வந்த குறிக்கு அந்தக் கலர், ஸோ டேபிளப் பாத்தாலே எது புதுச் செய்தி எது ஆறிப்போன செய்தின்னு தெரிஞ்சிடும், பழசத் தூக்கிடலாம். இது என் கோடுல ஒரு வேரியபிளா இருக்கு, அத எத்தனைன்னு வைக்கிறதுன்னு நான் ஒரு மாசம் மண்டைய உடைச்சேன், அதப் பின்னாடி சொல்றேன்.

சரி, முதல்ல கால்மன். ருடால்ஃப் கால்மன், புடாபெஸ்ட்ல பொறந்து அமெரிக்கா போனவர், 1960ல ஒரு பேப்பர் எழுதினார். பேப்பரப் பாத்தா மேட்ரிக்ஸ் மேட்ரிக்ஸா இருக்கும், பயந்துடாதீங்க, ரயில் எங்க வருதுன்னு காட்டுற ஆப் யூஸ் பண்றவங்களுக்கு இது ஏற்கனவே தெரியும். விழுப்புரத்துல 10:05க்கு கிளம்பிச்சு, இந்த ஸ்பீடுல வந்தா இப்போ திண்டிவனம் தாண்டியிருக்கும்னு நாம மனசுக்குள்ள ஓட்டுறோம் பாருங்க, அது கணிப்பு. நேரம் ஆக ஆக அந்தக் கணிப்பு மேல நமக்கே நம்பிக்கை கொறஞ்சுக்கிட்டே வரும், சிக்னல்ல நிக்குதோ என்னவோன்னு. அப்புறம் யாரோ "செங்கல்பட்டு வந்துடுச்சு"ன்னு போன் பண்றாங்க, அது அளவு. போன் பண்ணது ஸ்டேஷன் மாஸ்டர்னா அப்படியே நம்புவோம், தூங்கி எழுந்த மச்சான்னா பாதி தான் நம்புவோம். என் கணிப்பு எவ்வளவு ஆடும், வந்த அளவு எவ்வளவு ஆடும், ரெண்டையும் எடை போட்டு நடுவுல ஒரு இடத்துல நிக்கிறது, அந்த நடு இடம் எதுங்கிறதுக்கு கணக்கு போட்டு ஃபார்முலா குடுத்தார் கால்மன். அவ்வளவு தான் விஷயம். நாசாவோட ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துல ஸ்டான்லி ஷ்மிட்னு ஒருத்தர் இத நிலாவுக்குப் போற கணக்குக்கு மாத்தி எடுத்து, அப்போலோ வழிநடத்தல்ல போட்டாங்க, அந்தக் கம்ப்யூட்டர்ல அழிச்சு எழுதுற மெமரி மொத்தமே 2048 வேர்டு, அதாவது சுமார் நாலு கேபி. நான் ராஸ்பெர்ரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர்ல ஒரு ஜிபி பத்தலன்னு அழுதுட்டிருந்தப்போ இதப் படிச்சேன், கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு.

என் கேஸ்ல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கால்மன் ஃபில்டர். அதுக்குள்ள நாலு நம்பர், குறுக்க எங்க, நெடுக்க எங்க, குறுக்க எவ்வளவு வேகம், நெடுக்க எவ்வளவு வேகம். நேரா ஒரே வேகத்துல நடப்பார்னு நெனச்சுக்கும். நடப்பாரா? பாதி வாசல்ல "ஐயோ கவர் குடுக்கல"ன்னு சடார்னு திரும்புறவங்கள நான் எண்ணினதே நெறைய. அதுக்கு ரெண்டு மூணு மாடல பக்கத்துல பக்கத்துல ஓட விட்டு எது இப்போ பொருந்துதோ அதுக்கு எடை ஏத்துற முறை ஒண்ணு இருக்கு, 1988ல ப்ளோமும் பார்-ஷலோமும் எழுதினது, போர் விமானம் வளைஞ்சு போறப்போ புடிக்கிறதுக்கெல்லாம் அது தான். நான் நடக்குறது ஒண்ணு, நிக்கிறது ஒண்ணுன்னு ரெண்டு மட்டும் வெச்சேன், போதும்.

ஆனா கால்மன் ஃபில்டருக்கு நீங்க புள்ளியக் கொண்டாந்து கைல குடுக்கணும், "இந்தா, இது உன் ஆளோட புள்ளி"ன்னு. தப்பான புள்ளியக் குடுத்தா அது சந்தேகமே படாம அதயும் வாங்கி எடை போட்டு வேற ஆள் பின்னாடி போயிடும். ஒரே ஒரு டார்கெட்னா கால்மனோட கதை முடிஞ்சுது, ரெண்டு மூணு டார்கெட் பக்கத்துல வந்துட்டா கதையே அங்க தான் ஆரம்பம், மிச்ச 60 வருஷமா எழுதின பேப்பர் எல்லாமே யாருக்கு எந்தப் புள்ளிங்கிற ஒரே கேள்விய வெச்சுத்தான்.

முதல்ல வேலி போடணும். ஒவ்வொரு ஆளுக்கும் அவர் இந்நேரம் இருக்கக்கூடிய இடத்தச் சுத்தி ஒரு வேலி, அதுக்கு வெளிய விழுற புள்ளியப் பாக்கவே வேண்டாம். இத வெறும் சென்டிமீட்டர்ல போட்டா தப்பு. ஒருத்தர் நேரா நடந்து வர்றார், எதிர்பாத்ததுக்கு 30 சென்டிமீட்டர் முன்னாடி ஒரு புள்ளின்னா சரி கொஞ்சம் வேகமா எட்டு வெச்சிட்டார். அதே 30 சென்டிமீட்டர் பக்கவாட்டுலன்னா? ஒரே எட்டுல யாரும் அப்படித் தாவ மாட்டாங்க, அது பெரும்பாலும் பக்கத்து ஆள். ஸோ எந்தப் பக்கம் எவ்வளவு ஆடலாம்ங்கிறத வெச்சுத் தூரத்த அளக்கணும். அந்தத் தூரத்துக்குப் பேரு மஹலானோபிஸ் தூரம். ஆமா நம்ம கல்கத்தா மஹலானோபிஸ் தான், இந்தியன் ஸ்டாட்டிஸ்டிகல் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சவர், ஐந்தாண்டுத் திட்டம் பாடத்துல வருவாரே அவரே. 1920கள்ல கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களோட உடல் அளவுகள வெச்சு ஆராய்ச்சி பண்றப்போ ஆரம்பிச்ச யோசனை, 1936ல முழு வடிவத்துல எழுதினார். உயரமா இருக்கிறவருக்குக் கையும் நீளமா இருக்கும், ரெண்டயும் தனித்தனி வித்தியாசமா எண்ணக் கூடாதுங்கிற மாதிரி விஷயம். அது ரேடார் வழியா சுத்தி வந்து கும்பகோணம் பந்தி வாசல்ல நிக்குது. ரெண்டு அளவுன்னா அந்தத் தூரத்தோட வர்க்கம் 9.21க்குள்ள இருந்தா வெச்சுக்கோ, இல்லேன்னா தள்ளு, அப்படி வெச்சா உண்மையான புள்ளில 100க்கு 99 வேலிக்குள்ள வரும். என் கோடுல நான் தைரியமா மாத்தாம விட்ட ஒரே நம்பர் இந்த 9.21 தான்.

வேலி போட்டும் ரெண்டு பேர் வேலிக்குள்ள ஒரே புள்ளி விழும். உதாரணத்துக்குப் பெரியப்பாவும் சித்தப்பாவும் வர்றாங்க, ரெண்டு புள்ளி இருக்கு. பெரியப்பாவுக்கு முதல் புள்ளி 10 சென்டிமீட்டர், ரெண்டாவது 12. சித்தப்பாவுக்கு முதல் புள்ளி 11, ரெண்டாவது 45. அவசரப்பட்டு இருக்கிறதுலயே சின்ன நம்பரப் புடிச்சா பெரியப்பாவுக்கு முதல் புள்ளி குடுத்துடுவோம், அப்புறம் சித்தப்பாவுக்கு வேற வழியில்லாம 45, மொத்தம் 55. அதுக்குப் பதிலா பெரியப்பா ஒரு ரெண்டு சென்டிமீட்டர் விட்டுக்குடுத்து ரெண்டாவத எடுத்துக்கிட்டா 12ம் 11ம் சேந்து 23ல முடிஞ்சுது. பெரிய குடும்பத்துல ரூம் ஒதுக்குற மாதிரி தான், முதல்ல வந்தவருக்கு ஏசி ரூம்னு குடுத்துட்டா கடைசில பாட்டி மாடிப்படில படுக்கணும். எல்லாரையும் சேத்து வெச்சுப் பாத்து மொத்தம் கொறையுற மாதிரி பங்கு போடுற முறைக்கு ஹங்கேரியன் அல்காரிதம்னு பேரு, 1955ல ஹெரால்டு கூன்ங்கிற அமெரிக்கர் எழுதினார், அதுக்கு அடிப்படை போட்டது கோனிக், எகர்வாரின்னு ரெண்டு ஹங்கேரிக்காரங்கன்னு அந்தப் பேர அவரே வெச்சார். பின்னாடி பாத்தா 19ஆம் நூற்றாண்டுலயே யாகோபி இத லத்தீன்ல எழுதி வெச்சிட்டுச் செத்துப்போய், 1890ல அச்சாகி, யாரும் கண்டுக்காம கெடந்திருக்கு. பைத்தான்ல இது ஒரே வரி. அந்த ஒரு வரிக்கே என் தப்பு எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிஞ்சு கொறஞ்சுது.

வீடியோவுல செய்யுறவங்க 2016ல வந்த ஸார்ட்ங்கிற முறையப் பேசுவாங்க, அது இந்தக் கால்மன், இந்த ஹங்கேரியன், ரெண்டு மட்டுமே தான், வேற மந்திரம் எதுவும் கெடையாது. அடுத்த வருஷம் வந்த டீப்ஸார்ட்ல ஆளோட தோற்றத்தயும் சேத்துப் பாப்பாங்க, சட்டைக் கலர் மாதிரி. இப்போ கல்யாணத்துல பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க இருபது பேர் ஒரே டிசைன் புடவை எடுத்துக் கட்டுறாங்களே, அவங்கள அதுல விட்டுப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. பெரியப்பா கேமராவுக்கு ஒத்துக்கல, விடுங்க.

நம்ம பிரச்சனை பந்தி மாறுற நேரம். முதல் பந்தி முடிஞ்சு எழுந்தவங்க வெளிய வர்றாங்க, அவங்க மோர் சாதம் சாப்பிடுறப்பவே நாற்காலிக்குப் பின்னாடி வந்து நின்னு எடம் புடிக்கிற கோஷ்டி உள்ள போகுது. ஆறடி வாசல். அஞ்சு பேர் உள்ள அஞ்சு பேர் வெளிய, நடுவுல ஒரு வினாடி எல்லாரும் ஒரே குவியல், லைடாருக்கு முன்னாடி நிக்கிறவர் பின்னாடி இருக்கிறவர மறைச்சிடுவார். குவியலுக்கு முன்னாடி யார் யார்னு தெரியும், குவியல் கலைஞ்சப்புறம் புள்ளி தெரியும், நடுவுல என்ன நடந்துதுன்னு தெரியாது. இங்க ஹங்கேரியன் கைய விரிச்சிடும், ஏன்னா அது ஒவ்வொரு சுத்துலயும் அப்பவே முடிவெடுத்துட்டு திரும்பிப் பாக்காமப் போற டைப்.

இதுக்கு 1979ல டொனால்டு ரீட்னு ஒருத்தர் சொன்ன வழி தான் எனக்கு இந்த மொத்தச் சமாச்சாரத்துலயே ரொம்பப் புடிச்சது. முடிவெடுக்காத, தள்ளிப் போடு. "இவர் தான் அவர்"னு ஒரு கதை, "இல்ல இவங்க ரெண்டு பேரும் மாறிட்டாங்க"ன்னு இன்னொரு கதை, "இந்தப் புள்ளி வாளி, ஆளே இல்ல"ன்னு மூணாவது கதை, எல்லாத்தயும் கைல வெச்சுக்கிட்டு அடுத்த சுத்து டேட்டா வந்ததும் எந்தக் கதை தாங்குது எது உடையுதுன்னு பாரு. கல்யாணத்துல தூரத்துல ஒருத்தரப் பாத்துட்டு "அது திருச்சி மாமா பையனா, இல்ல அவங்க மாப்பிள்ளையா"ன்னு ரெண்டு பேரயும் மனசுல வெச்சுக்கிட்டு பேச்சக் குடுத்து நைசாக் கண்டுபுடிப்போமே, அதே தான். ஆனா இதுக்கு விலை பயங்கரம். அஞ்சு ஆள் அஞ்சு புள்ளின்னா வெறும் ஜோடி மாத்துறதுலயே 120 கதை. ரெண்டு சுத்துல 14,400. மூணு சுத்துல 17 லட்சத்து 28 ஆயிரம், அதுவும் வாளி, குழந்தை, புதுசா வந்தவர்லாம் சேக்காம. என் முதல் வெர்ஷன நான் வெட்டாம ஓட விட்டேன், ராஸ்பெர்ரி பை சூடாகி தோசை ஊத்தலாம் போல ஆயிடுச்சு, அப்புறம் தானா ஆஃப் ஆச்சு. இப்போ நல்ல கதையா 20 மட்டும் வெச்சுக்கிறேன், ஆறு சுத்துக்கு மேல எதயும் தள்ளிப் போடுறதில்ல, அதாவது ஒரு வினாடி சொச்சம். எண்ணிக்கை திரையில ஒரு வினாடி லேட்டா ஏறும், அதனால யாருக்கு என்ன நஷ்டம்? ஏவுகணை தடுக்கிறவங்களுக்குத் தான் அந்த ஒரு வினாடி பெருசு.

இன்னொரு கட்சியும் உண்டு. 1975ல பார்-ஷலோமும் ட்ஸேயும் ஆரம்பிச்சது, எதயும் தேர்ந்தெடுக்காத, வேலிக்குள்ள விழுந்த எல்லாப் புள்ளிக்கும் அது எவ்வளவு சாத்தியமோ அந்த அளவுக்கு எடை குடுத்து சராசரி எடுன்னு. பல பேருக்கு சேத்துப் பண்ற வகைய பின்னாடி கொண்டு வந்தாங்க. ஞாபகம் வேண்டாம், வேகமா ஓடும். நானும் ஒரு வாரம் ஓட்டினேன். சிக்கல் என்னன்னா பக்கத்துல பக்கத்துல ஒட்டி நடக்குற ரெண்டு பேருக்கு ரெண்டு புள்ளியும் ரெண்டு பக்கமும் கலந்து போயி, ரெண்டு டிராக்கும் மெதுவா நடுவுல வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். புதுசா கல்யாணம் ஆன ஜோடிங்க கையக் கோத்துட்டு வந்தா ஒரே ஆளா உள்ள போயிடுவாங்க. கவித்துவமா இருக்கு, ஆனா ரெண்டு இலை.

அப்புறம் யார் பொறந்தாங்க யார் செத்தாங்கங்கிற கணக்கு. ஒரு புள்ளி புதுசா வந்தா அது ஆளா வாளியா? அஞ்சு சுத்துல மூணு தடவை தெரிஞ்சா ஆள்னு வெச்சேன். ஆனா அஞ்சு சுத்துங்கிறது கிட்டத்தட்ட ஒரு வினாடி, அதுக்குள்ள அவர் ஒரு மீட்டருக்கு மேல நடந்துட்டார், நான் பாக்குற மொத்த இடமே மூணு மீட்டர். சாகடிக்கிறது இன்னும் கஷ்டம். யார் பின்னாடியோ ரெண்டு வினாடி மறைஞ்சு நின்னவர நான் ஒன்றரை வினாடில தூக்கிட்டா அவர் திரும்பத் தெரியுறப்போ புது ஆள், ரெண்டு இலை. சரி நாலு வினாடி வெப்போம்னா எப்பவோ போயிட்டவரோட ஆவி அங்கயே நின்னுட்டிருந்து அடுத்து வர்ற ஆளோட புள்ளியத் திருடிக்கும், ஒரு இலை போச்சு. அந்தக் கலர்க் கடிகாரம் மாட்டினவங்களுக்கும் இதே அவஸ்தை தான் இருந்திருக்கும்னு நெனச்சுக்குவேன். பங்குனில ஒரு கல்யாணத்துல யாரோ பன்னீர்ச் சொம்பு ஸ்டூல நகத்திக் கொண்டாந்து லைடாருக்கு நேரா போட்டுட்டாங்க. 388ஆம் நம்பர் ஆள் ராத்திரி ஏழரைல இருந்து பத்து வரைக்கும் அசையாம நின்னார், நான் யாரோ கோவிச்சுக்கிட்டு சாப்பிடாம நிக்கிறார்னே நெனச்சுட்டேன்.

நடுவுல ஒரு நாள் இன்னொரு ஐடியாவுல மயங்கினேன். 2003ல ரொனால்டு மாலர்னு ஒருத்தர், பிஎச்டி ஃபில்டர்னு பேரு, டாக்டர் பட்டத்துக்கும் அதுக்கும் சம்மந்தம் இல்ல. யார் யார்ங்கிற கேள்வியவே விட்டுடு, தரையெல்லாம் மாவு தூவின மாதிரி ஒரு அடர்த்திய வெச்சுக்கோ, எங்க ஆள் இருக்க வாய்ப்பு ஜாஸ்தியோ அங்க மாவு ஒசரமா குவியும், மொத்த மாவையும் அள்ளி எடை போட்டா எத்தனை ஆள்னு வந்துடும். வாசல்ல இப்போ 3.7 ஆள்னு சொல்லும். ஐயோ எனக்கு வேண்டியது எண்ணிக்கை மட்டும் தானே, பேரு எதுக்குன்னு ஒரே சந்தோஷம். ரெண்டு நாள் கழிச்சுத்தான் மண்டைல உறைச்சுது, எனக்கு வேண்டியது வாசல்ல எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு இல்ல, எத்தனை பேர் வாசல் கோட்டத் தாண்டி உள்ள போனாங்கன்னு. தாண்டினார்னு சொல்லணும்னா அந்தப் பக்கம் இருந்தவரும் இந்தப் பக்கம் இருக்கிறவரும் ஒரே ஆள்னு சொல்லியாகணும். மாவு தாண்டாது. திரும்ப ரீட் கிட்டயே வந்தேன்.

பங்குனிக் கல்யாணத்துல மொத்த செட்டப்பும் முதல் தடவை ஓடுச்சு. உள்ள போனவங்க, வெளிய வந்தவங்க, கழிச்சா ஹால்ல இருக்கிறவங்க. ராத்திரி பத்தரைக்கு எல்லாரும் போனப்புறம் பாத்தா ஹால்ல மைனஸ் 14 பேர் உக்காந்து சாப்பிட்டுட்டிருக்காங்க. காரணத்தத் தேடி ரெண்டு நாள்ல கண்டுபுடிச்சேன், அது அல்காரிதம் மட்டும் இல்ல, பந்தி விசாரிக்கிறவர். பையனோட சித்தப்பா ஒருத்தர், நல்ல மனுஷன், வெளிய போயி நாலு பேர "வாங்க வாங்க, எல இருக்கு"ன்னு தள்ளிட்டு வருவார், உள்ள வந்து "பாயசம் இங்க வரல பாருங்க"ன்னு ஒரு சத்தம், திரும்ப வெளிய. போறதயும் வர்றதயும் என் டேட்டாவுல எண்ணினா அவர் ஒருத்தரே அறுபது தடவைக்கு மேல. உள்ள வர்றப்போ கூட்டத்தோட வர்றதால சில தடவை கோட்டை விட்டுடும், வெளிய போறப்போ தனியாப் போறதால கரெக்டா புடிச்சிடும். ஒவ்வொரு தடவையும் தப்பு ஒரே பக்கமா சாயுது, சாஞ்சு சாஞ்சு மைனஸ். அளவுல வர்ற பிழை ரெண்டு பக்கமும் சமமா ஆடும்னு நெனச்சுத்தான் கால்மன் கணக்கு, இந்த மாதிரி ஒரு பக்கமா இழுக்குறத அது கண்டுக்காது.

அன்னைக்கு ராத்திரி கடைசிப் பந்தில நானும் சாப்பிட்டேன், வத்தக்குழம்பு நல்லா இருந்துச்சு, கை கழுவப் போறேன், குழாய்க்கிட்ட எனக்கு முன்னாடி எட்டு பேர். காரணம் தெரிஞ்சப்புறம் அந்த வரிசை ஞாபகம் வந்துச்சு, அப்போ தான் தோணுச்சு, இலைல உக்காந்தவங்க அத்தன பேரும் இந்த அஞ்சடிச் சந்து வழியா வந்தாகணும். விசாரிக்கிறவர் வர மாட்டார். எடம் புடிக்கிற கோஷ்டி வராது. வாளி வராது. ரெண்டு மாசமா தப்பான கதவுல உக்காந்து ஜம்முனு கணக்கு போட்டிருக்கேன். ஆளுங்க கழுவிட்டு அதே வழியா தாம்பூலப் பைக்குத் திரும்பிப் போவாங்க, ஸோ குறுக்க வெட்டுறது இங்கயும் உண்டு, ரீட் இல்லாம முடியாது தான், குழந்தைக்குக் கை கழுவி விட்டுட்டு ரெண்டாவது தடவ வர்ற அம்மாக்களும் உண்டு, ஆனா குப்பை பத்துல ஒண்ணாக் கொறஞ்சிடும்.

சும்மா ஒரு விஷயம், ஸ்ரீஹரிகோட்டாவுல இஸ்ரோ ஒரு ரேடார் வெச்சிருக்காங்க, பேரே மல்டி ஆப்ஜெக்ட் டிராக்கிங் ரேடார், ஒரே நேரத்துல 10 பொருளத் தொடரும், நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி சுத்துற விண்வெளிக் குப்பையக் கூட. அதுங்க நல்ல பசங்க, நியூட்டன் சொன்ன பாதையில போகும், நடுவுல கவர் மறந்துட்டேன்னு திரும்பாது.

வைகாசில அடுத்த கல்யாணம். லைடார் கை கழுவுற சந்துல, பக்கத்துல என் தங்கச்சி பையன் கைல கிளிக் கிளிக்னு அமுக்குற கவுன்டர், அர மணி நேரம் அர மணி நேரமா மூணு தடவ அவன் எண்ணினதயும் என் பொட்டி எண்ணினதயும் ஒப்பிட்டு எவ்வளவு ஆடுதுன்னு எடுத்துக்கிட்டேன். அவனுக்கு ரெண்டு ஐஸ்கிரீம் செலவு. ராத்திரி என் பொட்டி சொன்னது 646, ப்ளஸ் ஆர் மைனஸ் 15. கான்ட்ராக்டர் இலைக் கட்டு வெச்சு சொன்னது 668.

பெரியப்பா ஒரே நம்பர் கேட்டார். இல்ல பெரியப்பா, 631ல இருந்து 661க்குள்ள எங்கயோ இருக்கும், அதுக்கு மேல சொன்னா பொய்யாயிடும்னேன். என்னடா நாலு மாசம் செஞ்சிட்டு அங்கயோ இங்கயோங்குறன்னார். கான்ட்ராக்டர் தான் சிரிச்சுக்கிட்டே, "தம்பி நியாயமாத்தான் சொல்லுது, ப்ளஸ் மைனஸ்னா ப்ளஸ்ஸயே வெச்சுக்குவோம், 661 போடுங்க"ன்னார். பையனோட மாமா சட்டுனு நாற்காலிய இழுத்துப் போட்டு, "ஏன், மைனஸ் என்ன பாவம் பண்ணுச்சு, 631 போடுங்க"ன்னார். மறுபடி ஆரம்பிச்சுது.

போன தடவ 112 இலைக்கு ஒண்ணே முக்கால் வரைக்கும் போச்சு. இந்தத் தடவ 30 இலை, பன்னெண்டே காலுக்கு எழுந்துட்டாங்க.